மூன்று பை மண்

ஒரே தோட்டத்து மண் மூன்று பையில் போனது. இரண்டு ஒன்றைச் சொல்ல, மூன்றாவது வேறொன்றைச் சொன்னது. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

புளியங்குடிப் பக்கம் வெள்ளத்துரைக்கு எலுமிச்சைத் தோட்டம். நாலு வருடத்துக்கு முன் வெளி நாற்றங்காலில் வாங்கிய கன்றுகளை நட்ட மூலையில்தான் மரங்கள் நுனியிலிருந்து காய ஆரம்பித்தன. பதினோரு மரம் போயிற்று. அந்த இடத்தில் நட, அதே நாற்றங்காலிலிருந்து அறுபது கன்று வந்து இறங்கியிருந்தது. புதன்கிழமை நடவு. வேரை உறிஞ்சும் நூற்புழு மண்ணில் இருந்தால் இந்தக் கன்றுகளும் போகும். அந்த வீட்டுக்கு வேறு பிழைப்பு இல்லை. மண்ணைச் சோதிக்க மூன்று பேர் ஆளுக்கொரு பை எடுத்தார்கள்.

வெள்ளத்துரை, போன கோடையிலேயே பட்டுப்போன ஒரு மரத்தின் அடியில் ஆழமாகத் தோண்டி மண் எடுத்தார். "செத்ததையில்லா அறுத்துப் பாக்கணும்?" என்றார்.

தம்பி வெயிலுமுத்து, இலை பழுத்து, இன்னும் உயிரோடு நின்ற மரத்தடியில் எடுத்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்திச் சலித்துக் கட்டினான். உரத்துக்கான மண் பரிசோதனைக்கு அப்படிச் செய்து பாராட்டு வாங்கியவன்.

வெள்ளத்துரையின் மனைவி சண்முகக்கனி, அதே போன்ற மரத்தின் கிளை நிழல் ஓரத்தில் சல்லிவேரோடு ஈரமண்ணை அள்ளி, நனைந்த சாக்கில் சுற்றினாள்.

"மதினி, சேத்தையா கொண்டு போறீக?"

"உசிரோட இருக்க மரத்தத்தான காப்பாத்தணும், தம்பி."

ஆய்வுக்கூடத்தில் மண்ணை மெல்லிய தாள் விரித்த சல்லடையில் பரப்பி, தண்ணீர்த் தட்டில் வைத்தார்கள். உயிருள்ள புழு நெளிந்து தண்ணீருக்குள் இறங்கும். மறுநாள் உருப்பெருக்கியில் பார்த்தால், முதல் இரண்டு பையில் வேரை உறிஞ்சும் நூற்புழு ஒன்றுகூட இல்லை. மூன்றாவதில் நூற்றுக்கணக்கில். அந்தப் பையில் இருந்த சல்லிவேரில் ஒட்டிய மண் எவ்வளவு அலசியும் போகவில்லை.

"ரெண்டு பை இல்லைங்கு. நடவ ஏன் நிறுத்தணும்?" என்றான் வெயிலுமுத்து.

இதில் யார் எடுத்த மண்ணை நம்புவது?

விடை: சண்முகக்கனியின் மண்ணை. இந்தப் புழுவுக்கு உயிருள்ள வேர்தான் சோறு. பட்ட மரத்தடியில் நாளாக ஆக அது அற்றுப்போகும். உலர்த்திய மண்ணில் புழு செத்திருக்கும். செத்தது தண்ணீருக்குள் இறங்காது. வேரில் மண் ஒட்டியிருந்தது, புழு முட்டையோடு விடும் பசையால். ஆய்வுக்கூடத்தில் அதைக் கேட்டு வந்த சண்முகக்கனி, புதுக்கன்று ஒன்றின் பையைக் கிழித்து மோட்டார்த் தண்ணீரில் வேரை அலசினாள். மண் போகவில்லை. புழு வந்ததே அந்த நாற்றங்கால் கன்றோடுதான். நாலு வருடத்துக்கு முன் அந்த மூலையில் முதல் கன்றைத் தன் கையால் நட்டவளுக்கு அழுகை வந்துவிட்டது. புதன்கிழமை நடவு நடக்கவில்லை.