தண்ணீருக்குப் போட்ட கோடு

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சபை ரூத் அக்கா. போன மாதம் உபவாசக் கூட்டத்துக்குக் கஞ்சி காய்ச்சும்போது சொன்னாள். சிரித்த சிரிப்பில் கஞ்சி அடிபிடித்துவிட்டது.

எப்சிபாவுக்கு மூன்று அண்ணன்மார்: அதிசயம், பொன்சிங், சாலமோன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக, மூன்று தலையையும் சேர்த்து வழித்தாலும் ஒரு கரண்டி மூளை தேறாது. புத்தியுள்ள ஒருத்தன் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்பதே அவளுடைய ஜெபம்.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிற அன்று பார்த்து, கக்கூஸ் ஃப்ளஷ் டேங்க் நிரம்பி வழிந்தது. உள்ளே மிதக்க வேண்டிய பந்தில் ஓட்டை. தண்ணீரைக் குடித்துவிட்டு முங்கிக் கிடந்தது. அண்ணன்மார் மூவரும் கடைக்கு ஓடினார்கள்.

"பழசைக் கழற்றிக் கொண்டாங்க, அதே மாதிரி தாறேன்" என்றார் கடைக்காரர்.

கொண்டுபோனார்கள். அவர் கொடுத்த புதுப் பந்தை உருட்டி உருட்டிப் பார்த்தார்கள்.

"வே, பழசுல ஓட்டை இருக்கு. இதுல எங்க?" என்றான் அதிசயம்.

"அதே மாதிரின்னுதானே சொன்னீரு? ஏமாத்தப் பாக்கீராக்கும்!" என்று பாய்ந்தான் பொன்சிங்.

கடைக்காரர் தலையிலடித்துக்கொண்டார். "ஐயா சாமி, மாட்டிட்டு ஒண்ணு மட்டும் பாருங்க. டேங்குக்குள்ள ஒரு கோடு இருக்கும். தண்ணி அதைத் தாண்டக் கூடாது. போங்க!"

வீட்டுக்கு வந்ததும் ஆணியைப் பழுக்கக் காய்ச்சிப் புதுப் பந்தில் ஓட்டை போட்டார்கள். பழசோடு ஒப்பிட்டுத் திருப்தியாகி மாட்டினார்கள். தண்ணீர் கோட்டைத் தாண்டியது. டேங்கையும் தாண்டியது.

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"கோடு ரொம்பப் பக்கத்துல கிடக்குல. அதான் தாண்டுது."

"அப்பத் தள்ளிப் போடுவோம்."

சாலமோன் சாக்பீஸை எடுத்துக் கக்கூஸ் வாசலில் ஒரு கோடு போட்டான். தாண்டியது. நடையில் போட்டான். அதையும் தாண்டியது. கடைசியில் கூடத்தில் விரித்திருந்த ஜமுக்காளத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டான்.

எப்சிபா பட்டுச்சேலையோடு உள்ளறையில் இருந்தாள். கூப்பிடாமல் பெண் வெளியே வரக் கூடாதென்பது அவர்கள் வழக்கம். கதவிடுக்கில் கத்தினாள்: "அண்ணே, டேங்குக்கு அடியில திருகு இருக்கு. அதை மூடுங்க!"

"கடைக்காரர் அதைச் சொல்லலியே தாயி. நீ பேசாம இரி."

அந்நேரம் மாப்பிள்ளை செல்வின் பெற்றோரோடு வந்து நின்றான். தண்ணீரைப் பார்த்தான், சாக்பீஸைப் பார்த்தான், நடந்ததைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"இப்படியும் முட்டாள்கள் உண்டுமா!"

எப்சிபாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஜெபம் கேட்கப்பட்டது!

"சாக்பீஸ் தண்ணியில அழிஞ்சிராதா?" என்றான் செல்வின். "பிறகு தண்ணிக்குக் கோடு எப்படித் தெரியும்? பெயிண்ட் கொண்டாங்க."

அண்ணன்மார் வாயைப் பிளந்தார்கள். "தங்கச்சிக்கு ஏத்த அறிவாளி!" என்றான் அதிசயம்.

வழக்கமாவது மண்ணாவது என்று எப்சிபா வெளியே வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து போய்த் திருகை மூடினாள். தண்ணீர் நின்றது.

"பாத்தீங்களா?" என்றான் செல்வின். "பெயிண்ட்டுன்னு சொன்னதுமே தண்ணி பயந்துட்டு!"

பெரியவர்கள் அங்கேயே நாள் குறித்துவிட்டார்கள். வருகிற மாதம் கல்யாணமாம். இன்று ராத்திரி முழங்கால் போட்டு ஜெபிக்கும்போது எப்சிபா பேரையும் ஒருதரம் சொல்லிவிடுங்கள்.