ஒருத்திக்கு மட்டும் கஞ்சி

ஒரு கை தொட்டிலை ஆட்டுகிறது, ஒரு கை எழுதுகிறது. எழுத்து கோணலாக இருந்தாலும் கதை நேரானது.

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருப்பவையும் வாய் திறந்து பேசும். பூவாயி என்ற பெண்ணின் சினைப்பையில் ஆயிரமாயிரம் முட்டைகள் அக்கா தங்கைகளாகத் தூங்கின. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி உண்டு, தலைக்காரி என்பார்கள். அவள் ரத்தத்தின் வழியே கஞ்சி அனுப்புவாள். குடித்தவள் முதிர்வாள்.

அப்போது அளவே கிடையாது. இருபது பேர் ஒன்றாக எழுந்து, "எனக்கு ஊத்து, எனக்கு ஊத்து" என்று குடித்தார்கள். பூவாயிக்கு வயிறு வீங்கி மூச்சு முட்டியது.

"இப்படியே போனா அவ செத்துருவா. அப்புறம் நாம ஏது?" என்றாள் செவத்தா. இருபதில் அவள்தான் கொஞ்சம் பெரிய முட்டை.

"முதல்ல நீ குடிக்கிறத நிறுத்துடி, குண்டச்சி!" என்று கத்தினாள் பக்கத்திலிருந்தவள்.

"மாட்டேன். ஒருத்தியாவது முதிரணும். கஞ்சியக் குறைக்கச் சொல்லப்போறேன். கொஞ்சத்துல தாங்குறவ தாங்கட்டும்."

"அப்போ நாங்க?" என்றாள் கடைக்குட்டி.

செவத்தா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ரத்தத்தில் சேதி விட்டாள்: "தலைக்காரி, போதும்."

கஞ்சி குறைந்தது. கடைக்குட்டிதான் முதலில் வாடினாள். பிறகு மற்றவர்கள். பூவாயிக்கு மூச்சு சீரானது.

தனியாக நின்ற செவத்தா கருப்பைக்கும் சொல்லி அனுப்பினாள்: "நான் கருவாகி வந்தா படுக்க மெத்தை விரி." அவள் முழுதாய் முதிர்ந்ததும், அவளை வழியனுப்ப தலைக்காரி ஒரேயடியாக ஒரு குடம் ஊற்றினாள். அவளைச் சுற்றியிருந்த கூடு வெடித்தது; செவத்தா கிளம்பிவிட்டாள். "நீ வர்ற வரைக்கும் மெத்தைய நான் பாத்துக்கிறேன்," என்றது வெறுங்கூடு.

பதினாலு நாள் பார்த்தது. செவத்தா கருவாகி வரவில்லை. கூடு சுருண்டதும் மெத்தை கலைந்து ரத்தமாய் இறங்கியது. தலைக்காரி பெருமூச்சு விட்டு அடுத்த கூட்டத்துக்குக் கஞ்சி காய்ச்ச உட்கார்ந்தாள்.

அன்று முதல்தான் பெண்ணுக்கு மாதம் ஒரு முட்டை மட்டும் முதிர்கிறது. ஆள் வராத மெத்தை கலைந்து இறங்குகிறது.

"அண்ணி, பால் பொங்குது!" நாத்தனார் கத்துகிறாள். இதோ போகிறேன். ஒன்று மட்டும்: இனி யாராவது தீட்டு என்று உங்களுக்கு மூலையைக் காட்டினால், நீங்கள் நிமிர்ந்து நின்று அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.