நயினாரைத் திட்ட ஆளில்லை

பேச்சியம்மாளுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். கக்கத்தில் ஊன்றுகோல், காலில் இரும்புச் சட்டம். உடல் ஊனமுற்றவர்களுக்கு என்னென்ன உரிமை உண்டு, அவர்களோடு சேர்ந்து வேலை பார்ப்பது எப்படி என்று அலுவலகம் அலுவலகமாகப் போய்ப் பயிற்சி கொடுப்பது அவர் தொழில். அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள வந்த வடிவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆனாலும் சிஷ்யை சிஷ்யைதானே. "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். டீச்சர் பதிலுக்கு "அக்கா" என்பார்.

ஒருநாள் வடிவு கேட்டார்.

"மத்த ஊர்ல எல்லாம் பயிற்சிக்கு வாரவங்க கண்ணைத் துணியால கட்டி நடக்க விடுதாங்களாமே. நீங்க ஏன் டீச்சர் அதைச் செய்யதில்ல?"

டீச்சர் கீரை கடைந்துகொண்டிருந்தார். மத்தை நிறுத்தி, ஒரு சொட்டு எடுத்து வடிவின் உள்ளங்கையில் வைத்தார்.

"உப்பு போதுமான்னு பாருங்கக்கா."

அவ்வளவுதான் பதில்.

டீச்சருக்குத் தெரியவில்லை போல, என்று வடிவு நினைத்துக்கொண்டார்.

மழைக்காலம் வந்தது. டீச்சர் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டார். ஓர் அலுவலகத்தில் பயிற்சிக்கு நாள் குறித்தாயிற்று. வடிவு தனியாகக் கிளம்பினார். பையில் கறுப்புத் துணிகள் இருந்தன. கிழிந்த குடைகளைப் பிரித்து அவரே மூட்டியவை. டீச்சரிடம் சொல்லவில்லை.

அலுவலக வாசலில் விசாரணைச் சன்னல். வரிசையில் நின்றார். கம்பிவலைக்குப் பின்னால் நிழலாக ஓர் ஆள்.

"பயிற்சி எங்கண்ணாச்சி நடக்கு?"

"பின்பக்கக் கூடத்துக்குப் போங்கம்மா."

போனால் கூடம் பூட்டிக் கிடக்கிறது. வாசலில் ஒரு நாய் தூங்குகிறது. பையைச் சுமந்துகொண்டு வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார்.

"ஏம்யா, வாயில வந்ததைச் சொல்லி அனுப்பிருவீரா? அங்க நாய்தான் இருக்கு! அதுக்கா பயிற்சி குடுக்க?"

"அடடா, மாடிக்கு மாத்திட்டாங்கல்லா! மறந்தே போச்சு. படியேறுங்கம்மா."

"நல்லா மறந்தீரு! இதுக்கு ஒரு சன்னல், ஒரு நாற்காலி!"

உள்ளே இருந்த ஆள் சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். வடிவு முணுமுணுத்துக்கொண்டே படியேறினார்.

மாடியில் எல்லோர் கண்ணையும் கட்டிவிட்டார். பத்து நிமிஷம்தான். ஒருவர் மேசையில் முட்டிக்கொண்டார். ஒரு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, "அவுத்து விடுங்க, மூச்சு முட்டுது" என்று அழுதேவிட்டார். துணியை அவிழ்த்தபோது பாதிப்பேர் கண் கலங்கியிருந்தது. மேலாளர் எழுந்து வந்து கும்பிட்டார்.

"எங்க கண்ணைத் திறந்துட்டீங்கம்மா."

வடிவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே டீச்சர் வீட்டுக்கு ஓடினார். டீச்சர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த ஆபீஸ்ல பார்வையில்லாதவங்க யாரும் வேலை பார்க்காங்களா?"

"கேக்கலையே, டீச்சர்."

டீச்சர் மீதிக் கஞ்சியைக் குடிக்கவில்லை.

காய்ச்சல் விட்டு, ஊன்றுகோலை ஊன்ற வலு வந்ததும் டீச்சர் சொன்னார். "வாங்கக்கா, அந்த ஆபீஸுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வருவோம்."

விசாரணைச் சன்னலில் இப்போது ஒரு புதுப்பெண் இருந்தாள். பின்பக்கக் கூடம் திறந்திருந்தது. உள்ளே மின்விசிறி, மெத்தை போட்ட நாற்காலி. அதில் ஒருவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒன்றும் இல்லை. கண்ணிலும் பார்வை இல்லை.

"யாரு வந்திருக்கது?"

"பேச்சியம்மா, அண்ணாச்சி. பயிற்சி குடுக்கவ. இவங்க வடிவக்கா."

"வாங்க, வாங்க. நான் நயினார். உக்காருங்க. இங்க வேலை ஒண்ணும் நடக்கல, தைரியமா உக்காரலாம்."

"முன்னால சன்னல்ல இருந்தது நீங்கதான்னு அந்தப் பொண்ணு சொன்னாளே?"

"இருந்தேன், எம்புட்டோ வருஷமா. மாடியில ஏதோ பயிற்சியாம். நான்தான் அதுல பாடம், அதனால என்னைக் கூப்பிடல போல." சிரித்தார். "மறுநாளே மேலாளர் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. 'நயினாரு, இனி நீங்க கஷ்டப்படக் கூடாது'ன்னு இங்க கொண்டாந்து உக்கார வச்சிட்டாரு. டீ கைக்கு வருது. ஒண்ணுக்குப் போகணும்னாக்கூட ரெண்டு பேர் ஓடி வாராங்க."



"வேணாம்னு சொல்லலையா அண்ணாச்சி?" என்றார் டீச்சர்.

"சொன்னேனே. வெக்கப்படாதீங்கங்காரு. அதுக்கு மேல பேசினா நன்றி கெட்டவன்னு ஆயிரும்லா."

நயினார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணுதாம்மா குறை. இப்பல்லாம் என்னைத் திட்ட ஆளில்ல. முன்னால தினமும் திட்டு விழும். முதியோர் பென்சனுக்கு வந்த கிழவியக் குடிதண்ணிப் பிரிவுக்கு அனுப்பிருவேன், வந்து கிழிகிழின்னு கிழிப்பா. மறுநாள் அவளே முறுக்கு கொண்டாந்து குடுப்பா. கடைசியாத் திட்டினது ஒரு அம்மா, அந்தப் பயிற்சி அன்னைக்கு. மாடிக்குப் பதிலா இந்தக் கூடத்துக்கு அனுப்பிட்டேன். என்ன கத்து! 'இதுக்கு ஒரு சன்னல், ஒரு நாற்காலி'ன்னாங்க. வீட்டுக்குப் போய் என் பொண்டாட்டிகிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்."

பிறகு சொன்னார். "அவங்களை மறுபடி பார்த்தா நல்லாயிருக்கும்."

"நல்லா இருங்க அண்ணாச்சி" என்றார் வடிவு.

நயினாருக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றைக்குக் கத்திய குரல் வேறு. இது பாவம் பார்த்துத் தணிந்த குரல்.

வடிவு மேலாளரிடம் ஓடினார். "ஐயா, அவரைத் திரும்பச் சன்னல்ல உக்கார வைங்க."

மேலாளர் திகைத்துப் போனார். "என்னம்மா நீங்களே இப்படிச் சொல்றீங்க? பத்து நிமிஷம் எங்களால முடியல. அந்த மனுஷன் நாள் பூராவும் அப்படி இருந்து ஜனங்ககிட்ட ஏச்சு வேற வாங்கணுமா?"

"அவருக்கு அது பழக்கம்யா. வேலை தெரியும். நம்ம மாதிரி தப்பும் செய்வாரு."

"அதான் சொல்றேன். தப்புக்கு ஏச்சு கேட்கிற பாவம் அவருக்கு வேண்டாம். சம்பளத்துல ஒரு பைசா குறைக்கல. உங்களுக்கு இவ்வளவு கல்நெஞ்சுன்னு நான் நினைக்கவே இல்லம்மா."

டீச்சர் வெளியே சாய்தளத்துக் கைப்பிடியில் சாய்ந்து நின்றிருந்தார். வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சட்டம் இருக்கே டீச்சர். புகார் எழுதுவோம்."

"எழுதலாம், நயினாரண்ணாச்சி கையெழுத்துப் போட்டா. போடுவாரா? கையைப் பிடிச்சு அழுத மனுஷன் மேல?"

"அப்ப நான் போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கேன்."

"கேட்டீங்கன்னா உங்களைத் தேத்துற வேலையும் அவர் தலையில விழும்."

சன்னல் பக்கம் யாரோ புதுப்பெண்ணோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கக் கூடத்தில் நயினார் சத்தம் வந்த திசைக்குத் தலையைத் திருப்புவது திறந்த கதவு வழியே தெரிந்தது.

வடிவு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு மாடியில அவங்களுக்கு நான் என்னதான் சொல்லிக் குடுத்திருக்கணும், டீச்சர்?"

டீச்சர் ஊன்றுகோலை எடுத்துக் கக்கத்தில் வைத்தார்.

"கீழே சன்னல்ல நின்னு சண்டை போட்டுட்டுத்தானே அக்கா மாடியேறினீங்க? அதைச் சொல்லிக் குடுத்திருக்கலாம்."