புல்தரைக்குத் திருஷ்டி கழித்த அரசன்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஏழாற்றூர் என்றொரு நாடு இருந்தது. ஆறு என்னவோ அங்கே ஒன்றுதான் ஓடியது. அதைப் பற்றி யாரும் அரசனிடம் கேட்டதில்லை. நீங்களும் கேட்காதீர்கள், கதை நகராது.

அந்த நாட்டை ஆண்டவன் கீரவர்மன். அவனிடம் யானை இருந்தது, தேர் இருந்தது, தேவைக்கு மேலேயே அமைச்சர்கள் இருந்தார்கள். ஆனால் அவன் மனம் முழுக்க அரண்மனை முற்றத்துப் புல்தரை மேல்தான் இருந்தது. அரசி உயிரோடு இருந்தபோது இருவரும் மாலையில் அங்கேதான் உட்காருவார்கள். அவள் போன பிறகு அவன் தனியாகப் போய் உட்கார்ந்தான். கண்கலங்குவதற்கு அரண்மனையில் அவனுக்கு வேறு இடம் கிடையாது.

ஒரு திருவிழா நாளில் பட்டத்து யானை வழிமாறி அந்தப் பக்கம் வந்துவிட்டது. புல்தரையின் நடுவே ஒரு பாய் அளவுக்குப் புல் பெயர்ந்து போயிற்று. சும்மா விட்டிருந்தால் ஒரு மாதத்தில் தானாகவே மூடியிருக்கும். ஆனால் அரண்மனையில் எதையும் சும்மா விடும் வழக்கமில்லை.

"திருஷ்டி, மன்னா" என்றார் தலைமை அமைச்சர் பிரமாதிராயர். "பக்கத்து நாட்டார் பார்த்துப் பார்த்துக் கண் வைத்துவிட்டார்கள்."

ஆகவே மாலைதோறும் திருஷ்டி கழித்தார்கள். ஒரு படி உப்பைச் சுற்றி அந்த இடத்திலேயே கொட்டினார்கள். பூசணிக்காயையும் அங்கேயே உடைத்தார்கள், கற்பூரத்தையும் அங்கேயே கொளுத்தினார்கள். சில நாளில் பாய் அளவு இருந்த சொட்டை பந்தல் அளவு ஆயிற்று. பொல்லாத கண் போலிருக்கிறது என்று உப்பை மூன்று படி ஆக்கினார்கள். சொட்டை களத்து அளவு ஆயிற்று. உப்பை ஒன்பது படி ஆக்கினார்கள்.

பிறகு நிபுணர்களைத் தேடினார்கள். ஏழாற்றூரில் ஒரு விசேஷம், நிபுணர் என்றால் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறாரோ அவ்வளவு பெரிய நிபுணர்.

முதலாமவர் வடக்கிலிருந்து வந்தார். புல்லுக்கு மனச்சோர்வு என்று சொல்லி முப்பது நாள் வீணை வாசித்தார். புல் வரவில்லை. அவருக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

இரண்டாமவர் கப்பலில் வந்தார். பட்டுப்பையில் கொண்டுவந்த விதையை விதைத்தார். புறாக்கள் வந்தன, புல் வரவில்லை. அவருக்கும் ஒரு சால்வை.

மூன்றாமவர் மலை நாட்டிலிருந்து வந்தார். மண்ணுக்குப் பச்சைச் சாயம் பூசினார். மழை பெய்யும்வரை நன்றாகத்தான் இருந்தது. அவருக்கு இரண்டு சால்வை.

மூன்று பேரும் காலையில் வேலை செய்தார்கள். மாலையில் அரண்மனை ஆட்கள் வந்து தவறாமல் ஒன்பது படி உப்பைக் கொட்டினார்கள்.

ஒருநாள் கீரவர்மன் அந்தப் பொட்டல் ஓரம் நின்றுகொண்டிருந்தான். தலையில் புல்கட்டோடு ஒருத்தி கொல்லை வாசல் வழியாகக் குதிரை லாயத்துக்குப் போனாள். பச்சென்ற புல்.

"நீ யார்? எந்த ஊர்?" என்றான்.

"காத்தாயிங்க சாமி. இந்த ஊருதான். குதிரைக்குப் புல்லறுத்துப் போடுறேன், முப்பது வருசமா."

"இந்தப் புல்தரையைச் சரிசெய்ய முடியுமா உன்னால்?"

காத்தாயி புல்கட்டை இறக்கினாள். ஒரு சிட்டிகை மண்ணெடுத்து நாக்கில் வைத்தாள், துப்பினாள்.

"உப்புக் கரிக்குது சாமி. இதுல கடவுளே வந்து மொளைச்சாலும் கருகித்தான் போவாரு. மூணு காரியம் பண்ணணும். ஏரித் தண்ணியைத் தேக்கித் தேக்கி மூணு தடவை வடிக்கணும். ஏரிக்கரை அருகம்புல்லை வேரோட கொண்டாந்து பதிக்கணும். இந்த உப்புக் கொட்டுறதை நிறுத்தணும்."

"இதைத் தெரிந்துகொண்டா இத்தனை நாள் சும்மா இருந்தாய்?"

"என்னை யாரும் கேக்கலையே சாமி."

அரசன் பக்கத்தில் நின்ற பிரமாதிராயருக்கு முகம் சுண்டிப் போயிற்று. உப்பு அவருடைய யோசனையல்லவா! "திருஷ்டி கழிக்காமல் விட்டால் கண் யார் மேல் படும்?" என்று அதட்டினார்.

"என் மேல படட்டுங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது. என்னை யாரு பாக்குறா?"

அரசன் ஒப்புக்கொண்டான். அமைச்சர் ஒரு நிபந்தனை போட்டார். நாற்பத்தெட்டு நாளில் புல் வராவிட்டால், ஏரிக்கரையில் புல்லறுக்கும் உரிமை காத்தாயிக்கு இனிக் கிடையாது. வெளியூர் நிபுணர்கள் யாருக்கும் இப்படி நிபந்தனை போட்டதில்லை. உள்ளூர்க்காரி என்பதால் போட்டார்கள். அவளுக்கு இருந்ததெல்லாம் இரண்டு எருமையும் அந்த ஏரிக்கரையும்தான். இருந்தாலும் சரி என்றாள்.

தண்ணீர் கட்டினாள், வடித்தாள். மூன்று முறை. அருகம்புல்லைக் கணுக்கணுவாக வெட்டிப் பதித்தாள். காலையும் மாலையும் நீர் தெளித்தாள். இருபதாம் நாள் பொட்டல் முழுக்கப் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது.

ஊரே பார்த்ததுதான் வினை. அன்று மாலை காத்தாயி நீர் தெளிக்க வந்தபோது, கீரவர்மன் கை நிறைய உப்போடு தனியாக நின்றுகொண்டிருந்தான்.

"இத்தனை கண் பட்டிருக்கிறது, காத்தாயி. இதுவும் போய்விட்டால் நான் எங்கே போய் உட்காருவேன்?" என்றான்.

சொல்லிக்கொண்டே மூன்று முறை சுற்றினான். அந்த உப்பு கீழே விழுந்தால் இளந்தளிர் கருகிவிடும், ஏரிக்கரையும் போய்விடும். ஓர் அரசனின் கையைப் பிடித்து நிறுத்த அவளால் முடியுமா? அந்த மனிதனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. சட்டென்று முன்னே போய் முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

"இதுல போடுங்க சாமி."

"உனக்கு எதற்கு?"

"கண்ணெல்லாம் என் மேல படட்டும்னு அன்னிக்கே சொன்னேனே. அதுவுமில்லாம, வூட்டுல கஞ்சிக்கு உப்பு இல்லை."

அரசன் யோசித்தான். சாஸ்திரத்தில் இதற்குத் தடை எதுவும் அவன் நினைவுக்கு வரவில்லை. உப்பை முந்தானையில் போட்டான். அன்று முதல் மாலைதோறும் அவன் சுற்றுவான், அவள் வாங்கிக்கொண்டு போவாள். அவள் தெருவில் அந்த வருஷம் யாரும் உப்பு வாங்கவில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் புல்தரை மூடிவிட்டது. கீரவர்மன் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், பழைய இடத்தில் உட்கார்ந்தான். பக்கத்தில் அரசியின் இடத்தைக் கையால் தடவிப் பார்த்தான். குளிர்ச்சியாக இருந்தது.

பிரமாதிராயர் ஒரு பெரிய பூசணிக்காயோடு ஓடி வந்தார். "மன்னா, இவ்வளவு அழகாக வந்திருக்கிறது, கண் பட்டுவிடும். இங்கேயே உடைத்துவிடலாமா?"

அரசன் பூசணிக்காயைப் பார்த்தான், புல்லைப் பார்த்தான், கடைசியில் காத்தாயியைப் பார்த்தான்.

"கூட்டு வைக்கச் சொல்லுங்கள்" என்றான். "உப்பை அதில் போடுங்கள். அந்தச் சால்வை மீதி இருந்தால் இந்த அம்மாவுக்குப் போர்த்துங்கள்."

மீதி இல்லை. அமைச்சர் தாம் போர்த்தியிருந்ததைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: ஆசையாக வளர்த்த ஒன்று கெட்டுப்போனால், அதைச் சரிசெய்ய ஊரூராக ஆள் தேடுவதற்கு முன், தினமும் அதைக் கெடுப்பது நம் கைதானா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட வேண்டும்.