முப்பத்து நாலு விரல்

நாகர்கோவிலில் ஒரு சுற்றுலா அலுவலகம். அங்கே ஒரு காலையில் இரண்டு வண்ணத்தாள் பட்டைகள் பிறந்தன. சிவப்பின் பெயர் ஆஸ்திரியா, நீலத்தின் பெயர் கிரீஸ். வெளிநாட்டுப் பயணிகள் எந்த நாட்டில் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று காட்டுவதே அவற்றின் வேலை. சிவப்பு நாற்பது விரல் உயரம், நீலம் முப்பத்தாறு.

புதிதாக வேலைக்கு வந்த அருள்மேரி அவற்றை ஒட்டப் போனாள். பலகையில் ஒரு சாண் இடம்தான் காலி. இரண்டிலும் அடியிலிருந்து முப்பத்து நாலு விரல் வெட்டினாள். சமமாக வெட்டினால் யாருக்கும் அநியாயம் இல்லையே. வெட்டிய கால்கள் குப்பைக்கூடைக்குப் போயின.

பலகை ஏறியதும் சிவப்பு திரும்பிப் பார்த்தது. தான் ஆறு விரல். நீலம் இரண்டே விரல்.

"என்னடா தம்பி, உட்கார்ந்துட்டியா?"

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றது நீலம்.

"அப்படியா? யாரோ தபால்தலை ஒட்டியிருக்காங்கன்னு நினைச்சேன்."

நீலம் வெளிறிப் போனது. காலையில்கூடத் தோளோடு தோள் உரசி நின்றோமே, அதற்குள் எப்படிக் குள்ளமானோம்?

முதலாளி தங்கையா வந்தார். "கிரீஸ்ல யாரும் செலவே பண்றதில்லை போல. இந்த வருஷம் கிரீஸ் டூர் வேண்டாம். அதைப் பிய்ச்சுப் போடு மேரி."

அருள்மேரி அதைப் பிய்த்தாள். நீலம் கூடையில் விழுந்தது.

கூடைக்குள் ஒரே கும்மாளம். "வா தலை, வா," என்று நீலக்கால் நகர்ந்து இடம் விட்டது. "நானும் சிவப்புக்காலும் முதுகை ஒட்டி அளந்து பார்த்தோம். மயிரிழை வித்தியாசம் இல்லை."

"என் தலை மேல எப்படி இருக்கு?" என்றது சிவப்புக்கால்.

"ரொம்ப உயரமா இருக்கு," என்றது நீலம்.

கால்கள் இரண்டும் சிரித்த சிரிப்பில் கூடையே ஆடியது. "எங்க மேல நின்னப்போ அப்படி ஒண்ணும் தெரியலையே."

அப்போது பயணச்சீட்டு விசாரிக்க ஞானசெல்வம் வாத்தியார் வந்தார். அவர் குரல் கூடைக்குள் கேட்டது. "இந்தச் சிவப்பு ஒத்தையா நிக்குதே, இது அதிகமா, குறைச்சலா?"

பலகையில் சிவப்பு முனகியது: "அந்தத் தம்பியைக் கூப்பிடுங்களேன். அவன் இல்லாம நான் உயரம்னு யார் நம்புவா?"

வாத்தியார் கண்ணாடியைச் சரிசெய்து, சிவப்பின் அடியில் கத்தரித்த தடத்தைப் பார்த்தார். "அடிப்பாகம் எங்கேம்மா?"

அருள்மேரி குப்பைக்கூடையைக் காட்டினாள். "வெட்டிட்டேன் சார். இடம் பத்தலை. ரெண்டுலயும் சமமா, முப்பத்து நாலு விரல்."

"முப்பத்து நாலைக் குப்பையில போட்டுட்டு, மிச்சத்தைக் காட்டியா என் டூரை நிறுத்த வச்சே?" என்ற தங்கையாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எடும்மா. சுவர்ல தரையிலிருந்து ஒட்டு. கிரீஸ் டூரும் உண்டு."

தலைகள் கால்களோடு சேர்ந்தன. நீலம் மளமளவென்று வளர்ந்து, சிவப்பின் காதருகே வந்து நின்றது.

சிவப்பு தயங்கிக் கேட்டது: "அப்போ நான் உயரம் இல்லையா?"

"உயரம்தான் அண்ணே, நாலு விரல்," என்றது நீலம். "இனிமே குனியாமலே என்கிட்டப் பேசலாம்."