பொருந்தாத டேப்

"டீச்சர், இந்த டேப் டிரைவுக்கும் இந்த சாஃப்ட்வேருக்கும் ஜாதகமே பொருந்தல. எதை மாத்தட்டும்? அதை மட்டும் சொல்லுங்க."

பவளக்கொடி செருப்பை வாசலில் விட்டுவிட்டு சர்வர் அறைக்குள் வந்தாள்.

நாகலிங்கத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. டீச்சருக்கு இருபத்தெட்டு. மதுரையில் அவள் நடத்திய ஐந்து நாள் கம்ப்யூட்டர் பயிற்சியில் இவர் கடைசி பெஞ்ச். அன்றிலிருந்து டீச்சர்தான். பாதி மரியாதை, பாதி கிண்டல்.

இன்று கிண்டல் இல்லை. உண்மையைச் சொன்னால், பயம்.

அது திண்டுக்கல்லில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி. அங்கே கம்ப்யூட்டர்கள் எல்லாம் நாகலிங்கத்தின் பொறுப்பு. நேற்று காலை சர்வரின் டிஸ்க் இரண்டும் செத்துவிட்டன. கதிர்வீச்சு எந்த இடத்தில், எத்தனை கோணத்தில், எவ்வளவு என்று ஒவ்வொரு நோயாளிக்கும் போட்டு வைத்த திட்டம் அத்தனையும் அதில்தான் இருந்தது. இன்னொரு பிரதி டேப்பில் இருக்கிறது. டேப்பை சாஃப்ட்வேர் தொட மாட்டேன் என்கிறது.

"மணி என்ன?" என்றாள்.

"ரெண்டே கால். மூணுக்குள்ள ஃபைல் வரலன்னா எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வெளிய ஒருத்தர் உக்காந்திருக்கார் பாருங்க."

பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பெஞ்சில், கழுத்தில் துண்டு சுற்றிய ஒல்லியான மனிதர். ராஜாமணி. ஸ்கூல் பஸ் டிரைவர். தொண்டையில் புற்று. முப்பத்து மூன்று நாள் சிகிச்சையில் இருபத்தொன்று முடிந்திருக்கிறது. இடையில் நாள் விடக்கூடாது. நேற்றே ஒரு நாள் போய்விட்டது.

"சரி. என்னென்ன மாத்துனீங்க?"

"கேபிளை மாத்திட்டேன். டிரைவை ஓட்டுற புரோகிராமுல பழைய வெர்ஷன் போட்டேன். புது வெர்ஷன் போட்டேன். திரும்பப் பழசு போட்டேன். சாஃப்ட்வேரைக் கழட்டி மாட்டுனேன். டிரைவை அணைச்சு அணைச்சுப் போட்டேன்."

"எழுதி வச்சீங்களா?"

"எழுதறதுக்கு எங்க நேரம் டீச்சர்!"

"எப்ப இருந்து இப்படி?"

"சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாஃப்ட்வேருக்கு அப்டேட் வந்துச்சு. மறுநாள் பாத்தா, 'பொருந்தாத டேப்'னு சிவப்புல போடுது. அப்புறம் வேறென்ன சந்தேகம்? அந்தக் கம்பெனிக்காரங்க பண்ண வேலைதான்."

அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. சனிக்கிழமையிலிருந்து இதையேதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அது நிஜமாகிவிட்டது.

"நேத்து போன்ல ஒண்ணு சொன்னேனே சார்."

"டேப்பைக் கையில எடுத்துப் பாருங்கன்னீங்க. டேப்புக்கு ஒரு குறையும் இல்லன்னு நானும் சொன்னேன். டேப்பைப் பத்தி என்கிட்டப் பேசாதீங்க டீச்சர். அது என் பிள்ளைங்க மாதிரி."

பவளக்கொடி தன் பையைத் திறந்தாள்.

உள்ளிருந்து ஒரு டேப்பை எடுத்தாள். கையகலக் கறுப்புப் பெட்டி. முதுகில் வெள்ளை ஸ்டிக்கர், அதில் கடைச் சாமான்களில் இருப்பது போலக் கறுப்புக் கோடுகள். எந்த டேப் எது என்று இயந்திரம் அந்தக் கோடுகளைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளும். இவளுடையது புதுசு, காலி.

டிரைவில் வைத்தாள். உள்ளே ஒரு இயந்திரக் கை நகர்ந்து வந்து எடுத்துக்கொண்டது.

திரையில் பச்சை.

'காலி டேப். தயார்.'

"பொருந்துது சார்."

நாகலிங்கத்துக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப... அப்ப என் டேப்பெல்லாம் போச்சா?"

அவள் பழைய டேப் ஒன்றை உருவினாள். ஸ்டிக்கரின் நட்ட நடுவில் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம். நல்ல வட்டம். வாசனைகூடப் போகவில்லை.

அடுத்ததை உருவினாள். அதிலும்.

பதினெட்டு டேப். பதினெட்டிலும்.

"யாரு சார் வச்சது?"

"நான்தான். வியாழக்கிழமை ஆயுத பூஜை. இந்தத் தடவை எல்லாத்தையும் வெளிய எடுத்து, தூசி தட்டி, ஒவ்வொண்ணுக்கும் என் கையால வச்சேன். வேற யாரையும் தொட விடல." அந்த அவசரத்திலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப்பார்த்தது. "மூணு வருஷமா ஒரு நாள் பேக்கப் தவறுனதில்ல டீச்சர். புதன்கிழமை ராத்திரி வரைக்கும் எல்லாம் இதுல இருக்கு. இப்ப அதை விடுங்க. அப்டேட்டைக் கழட்டலாமா, வேண்டாமா?"

"பொட்டு அழகா இருக்கு."

"டீச்சர்!"

"உங்க ஐடி கார்டைக் கொடுங்க."

கழுத்திலிருந்து கழற்றி எறியாத குறையாகக் கொடுத்தார். அவள் திரும்பி நின்று அதைப் பார்த்தாள். இவர் பார்வை திரையை விட்டு நகரவில்லை.

"போட்டோவுல மீசை கறுப்பா இருக்கு."

"டீச்சர், மணி ரெண்டு இருபத்தஞ்சு!"

"இந்தாங்க. மாட்டிக்கோங்க. வெளிய போய் ஒரு துணியை நனைச்சு, நல்லாப் பிழிஞ்சு எடுத்துட்டு வாங்க."

"துணியா? இப்பவா? எதுக்கு?"

"எடுத்துட்டு வாங்க சார்."

போனார். கோபத்தில் கதவை இழுத்த வேகத்துக்கு அது தானாகவே மூடிப் பூட்டிக்கொண்டது. பாத்ரூம் குழாயில் கைக்குட்டையை நனைக்கும்போது வாய்விட்டே திட்டினார். எங்கேயோ படித்துவிட்டு வந்து பெரிய மனுஷனிடம் விளையாட்டு. ஆள் சாகக் கிடக்கிறான், இவளுக்குத் தரை துடைக்கணுமாம்.

திரும்பி வந்தார். கதவருகே சின்னக் கண்ணாடிப் பெட்டி, உள்ளே சிவப்பு விளக்கு. கார்டின் கோடுகளைக் காட்டினால் கதவு திறக்கும். காட்டினார்.

கீ என்று கத்தியது. திறக்கவில்லை.

மறுபடி. கீ.

மூன்றாம் முறை. கீ.

"எழவு, இதுவும் போச்சா!" கதவைக் கையால் அடித்தார். "யோவ் செக்யூரிட்டி! கதவுக் கம்பெனிக்குப் போன் போடு. ரீடர் போயிடுச்சு. இந்தக் கதவுக்கும் கார்டுக்கும் பொருந்தல. ஆளை உடனே வரச் சொல்லு!"

செக்யூரிட்டி எழுந்து வந்து தன் கார்டைக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. பூட்டு விடும் சத்தம் கேட்டது.

"எனக்குத் திறக்குதே சார்."

பெஞ்சிலிருந்து கரகரவென்று ஒரு குரல். ராஜாமணிக்குப் பேசினால் வலிக்கும். இருந்தும் பேசினார்.

"என்ன சார், உங்க கதவு உங்களுக்கே திறக்கலையா?"

"மூணு வருஷமா இதே கார்டுய்யா! இதே கதவு! ஒண்ணும் மாறல! காலையில வரைக்கும் திறந்துச்சு, இப்ப என்ன..."

பாதியில் நின்றுவிட்டது.

உள்ளே பவளக்கொடி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பதினெட்டு டேப்பையும் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். வரும்போது அவள் நெற்றியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. இப்போது இல்லை.

நாகலிங்கம் மெதுவாகத் தன் கார்டைத் தூக்கிப் பார்த்தார்.

அவர் படம் தெளிவாக இருந்தது. பெயர் தெளிவாக இருந்தது. கீழே, கறுப்புக் கோடுகளின் நட்ட நடுவில், சிவப்பாக, வட்டமாக, அழகாக.

செக்யூரிட்டி கேட்டார். "கம்பெனிக்குப் போன் போடவா சார்?"

கையில் இருந்த ஈரத் துணியிலிருந்து ஒரு சொட்டு அவர் காலில் விழுந்தது.

பொட்டை நகத்தால் பிய்த்தார். கார்டைக் காட்டினார். கதவு திறந்தது.

உள்ளே ஒரு கால் வைத்தவர், திரும்பினார்.

"ராஜாமணி, வீட்டுக்குக் கிளம்பிடாதீங்க."