இலையைக் காட்டு

மலையடிவாரத்து மடம் ஒன்றில் ஆவுடையம்மை என்று ஒரு துறவி இருந்தார். வயது நாற்பதைத் தாண்டியிராது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தாணுமூர்த்திக்கோ அறுபது முடிந்துவிட்டது. குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். சீடர் குருவை 'அம்மை' என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இரண்டு பேருக்கும் வராது.

தாணுமூர்த்தி பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலையை விட்டுவிட்டார், வேலைதான் அவரை விடவில்லை.

மடத்தில் தினமும் மத்தியானம் பந்தி நடக்கும். பீடி சுற்றுகிறவர்கள், கூலிக்குப் போகிறவர்கள், போக்கிடம் இல்லாதவர்கள் எல்லோரும் வந்து சாப்பிடுவார்கள். அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. பரிமாறும்போது 'போதும்' என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. அன்னத்தைத் தடுப்பது பாவமாம். ஆகவே பரிமாறுகிறவர் கைபோன போக்கில் வைப்பார். சாப்பிட முடியாததை இலையோடு கொண்டுபோய்த் தொட்டியில் போடுவார்கள்.

சோறு வீணாவதைத் தாணுமூர்த்தியால் பொறுக்க முடியவில்லை. அதில் ஒரு தப்பும் இல்லை, நல்ல மனசுதான். ஆனால் அந்த நல்ல மனசு போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் காவல் நின்றது.

"இலையைக் காட்டு" என்பார், முன்பு டிக்கெட்டைக் கேட்ட அதே குரலில். இலையில் மிச்சம் இருந்தால் வரிசையை நிறுத்திவைத்து, உழவன் படும் பாட்டை எடுத்துச் சொல்வார்.

இசக்கியம்மாள் பக்கத்துத் தெருவில் பீடி சுற்றுகிறவள். தனிக்கட்டை. அவளுக்கு வயிறார ஒரு வேளை என்றால் அது மடத்துச் சாப்பாடுதான். ஒருநாள் அவள் இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"ஓசிச் சோறுல்லா? அருமை எப்படித் தெரியும்?" என்றார் தாணுமூர்த்தி, பந்திக்கே கேட்கும்படி.

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அவர் கையைக் காட்டிப் போகச் சொன்னார். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

தொட்டி மட்டும் துடைத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. தாணுமூர்த்திக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"சனம் திருந்திட்டு, அம்மை."

"இசக்கியம்மாளக் காணலையே, அண்ணாச்சி?"

"ரோசம் வந்திருக்கும். பசிச்சா வருவா."

அம்மை எழுந்து பந்திப் பாயைச் சுருட்டப் போனார்.

சில நாளில் மடத்துப் பின்சுவருக்கு அப்பால் காக்கைக் கூட்டம் தாங்கமுடியாமல் போயிற்று. தாணுமூர்த்தி சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். ஓடை நெடுக இலைப் பொட்டலங்கள். பிரித்தால் எல்லாம் சோறு. அவர் கண்ணில் படாமல் மடித்து எடுத்து, சுவருக்கு மேலே வீசியிருக்கிறார்கள். தொட்டியில் விழுந்தாலாவது மாடு தின்றிருக்கும். மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

நேரே அம்மையிடம் போனார்.

"எவ்வளவு சொன்னேன், அம்மை! ஒருத்தனும் கேக்கலை. நல்லதைச் செய்ய வைக்கதுக்கு என்னதான் வழி?"

"எனக்குப் பசிக்கு, அண்ணாச்சி. இன்னைக்கு எனக்கு நீங்க பரிமாறுங்க" என்றார் அம்மை.

குருவுக்குப் பரிமாறுவதென்றால் சும்மாவா? சோற்றைக் குவித்தார். கூட்டும் பொரியலும் இலை கொள்ளாமல் வைத்தார். அம்மை நிதானமாகச் சாப்பிட்டார். பாதிக்கு மேல் அப்படியே இருக்க, இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். தொட்டிப் பக்கம் போய் நின்று, அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

தாணுமூர்த்தி இலையைப் பார்த்தார். அம்மையைப் பார்த்தார். இரண்டு கையாலும் பணிவாக வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணும் சொல்லலையா, அண்ணாச்சி?"

"அம்மைகிட்ட நான் என்ன சொல்ல?"

"உழவன் பட்ட பாடு?"

"அம்மை மிச்சம் வச்சா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்லா."

"இசக்கியம்மாளுக்கு?"

அம்மை அவர் கையிலிருந்த இலையை வாங்கித் தரையில் விரித்து, மறுபடியும் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் மெல்லச் சாப்பிட்டு முடித்தார். அதுவரைக்கும் சீடர் நின்ற இடத்திலேயே நின்றார்.

சாயங்காலம் தாணுமூர்த்தி இசக்கியம்மாள் வீட்டு வாசலுக்குப் போனார். அவள் மடியில் சுளகுத் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"சாப்பிட வரப்பிடாதா, தாயி?"

"ஓசிச் சோறுக்கு நான் வரலை, அண்ணாச்சி."

"சொன்னது தப்புதான். மன்னிச்சிரு."

அவள் நிமிரவில்லை. பீடி இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டினாள். அப்புறம் தானாகச் சொன்னாள்.

"அன்னைக்குப் பல்லு வலி. மெல்ல முடியலை. போதும்னு சொல்லலாம்னா, மடத்துல சொல்லக் கூடாதாமே. உங்ககிட்டயாவது சொல்ல வந்தேன். நீங்க விடலை."

அன்றைக்கு அவள் வரவில்லை. மறுநாள் மறுபடியும் போய்க் கூப்பிட்டார். அதற்கடுத்த நாளும் போனார். தெருவில் சிலர் சிரித்தார்கள், அவர் சட்டை செய்யவில்லை. ஒரு மத்தியானம் அவள் தலையை வாரிக்கொண்டு வந்து பந்தியில் கடைசியாக உட்கார்ந்தாள்.

தாணுமூர்த்தி தொட்டிப் பக்கம் போகாமல் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டார். முதல் இலையில் அம்மை உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு வைக்கட்டும், அம்மை?"

பந்தி அதிர்ந்துவிட்டது. இப்படி ஒரு கேள்வியை அந்த மடம் கேட்டதே இல்லை. மூத்தவர்கள் அம்மையின் முகத்தைப் பார்த்தார்கள்.

"அரைக் கரண்டி, அண்ணாச்சி. வேணும்னா அப்புறம் கேக்கேன்" என்றார் அம்மை, சாதாரணமாக.

பக்கத்து இலைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எனக்கும் அரை" என்றார். அடுத்தவள், "எனக்குக் கூட்டு வேண்டாம், ஒத்துக்கிடாது" என்றாள். "இத்தனை நாளும் வெக்கப்பட்டுக் கேக்கலை, எனக்கு மூணு கரண்டி வையும்" என்று ஒரு சுமைக்காரர் சொன்னதும் பந்தியே சிரித்தது.

கடைசி இலைக்கு வந்தார்.

"எவ்வளவு, தாயி?"

இசக்கியம்மாள் யோசித்தாள். "கொஞ்சம்" என்றாள். வைத்தார். "இன்னும் கொஞ்சம்" என்றாள். அதையும் வைத்தார்.

பந்தி முடிந்து எல்லோரும் போனபிறகு அம்மை கேட்டார்.

"இசக்கியம்மா இலையில மிச்சம் வச்சாளா, அண்ணாச்சி?"

தாணுமூர்த்தி விழித்தார்.

"நான் பாக்கலையே, அம்மை."

"அப்ப நாளைக்கும் நீங்களே பரிமாறுங்க."